ஹொசகோட்டைக்கு அருகே ஒரு மண் அணை

அக்டோபர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை, பெங்களூரின் அல்சூரிலிருந்து பழைய மதராஸ் சாலையைப் பிடித்து ஹொசகோட்டைக்குப் புறப்பட்டேன். முந்தைய இரவு நல்ல மழை பெய்திருந்தது. விடிந்ததும் விடியாததுமாக மாமா தொலைபேசியில் அழைத்து, "கலங்கல் ஓடுது மாப்பிள்ளை, பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, இன்னைக்கே வந்துடு" என்றார். மாலூர் செல்லும் பாதையில் அவருக்கு நிலம் இருக்கிறது. அந்த நிலத்தின் நடுவே இறங்கும் ஓடையை மறித்து அவரே மண்ணால் கட்டிய சிறிய அணையைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்டிருந்தும், அது நிரம்பி, மிகுநீர் கலங்கல் என்னும் போக்கிடம் வழியே வழியும் நாளில் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

கே.ஆர்.புரத்தைத் தாண்டியதும் சாலையோரத்தில் எலெ மல்லப்பா ஷெட்டி ஏரி வருகிறது. வெற்றிலை வணிகர் ஒருவர் தம் பணத்தைச் செலவிட்டு உருவாக்கிய ஏரி அது என்பதை, அவ்வழியே நாள்தோறும் போய்வருபவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ. பெங்களூரைச் சுற்றியுள்ள பழைய ஏரிகளில் பெரும்பாலானவை, பள்ளத்தாக்கின் குறுக்கே மண்ணைக் கொட்டி மிதித்து இறுக்கிய கரைகளால் ஆனவைதாம். பெரிய ஆறு இல்லாத மேட்டு நிலத்தில் மழைநீரை நிறுத்திவைக்க வேறு வழி இருக்கவில்லை. ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரியாக இருந்த இடத்தில்தான் இன்றைய கெம்பே கவுடா பேருந்து நிலையம் நிற்கிறது.

ஹொசகோட்டையைக் கடந்தபின் இருபுறமும் கேழ்வரகு கதிர் பிடித்து நின்றது. மாமாவின் நிலத்தில் ஐந்து ஏக்கருக்கு மல்பெரி. மீதியில் அவரையும் தக்காளியும். ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்ட பக்கத்துத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டபோதும், இந்த மல்பெரி வாடாமல் நின்றதற்கு அந்தக் கரைதான் காரணம்.

முதல் பார்வையில் அதை அணை என்று சொல்லத் தோன்றாது; புல் படர்ந்த நீளமான மேடு போலத்தான் இருக்கிறது. நீளம் 110 மீட்டர், நடுவில் உயரம் 5 மீட்டர், மேல்தளத்தின் அகலம் 3 மீட்டர். நீர்ப்பக்கச் சரிவு ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டராகவும், வெளிப்பக்கச் சரிவு இரண்டரை மீட்டராகவும் படுத்திருக்கிறது. ஆகவே, மேலே மாட்டுவண்டி ஒன்று போகும் அளவே உள்ள கரை, அடியில் 30 மீட்டருக்கும் மேல் அகன்று கிடக்கிறது. அலை அரிக்காமல் இருக்க நீர்ப்பக்கத்தில் கருங்கல் பரப்பியிருக்கிறார்கள். நிரம்பிய நிலையில் நீர்ப்பரப்பு ஒன்றரை ஏக்கர், ஆழம் 4 மீட்டர். பரப்பை ஆழத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் கொள்ளளவு தோராயமாகக் கிடைக்கும் என்று மாமா சொன்ன கணக்கின்படி, 80 லட்சம் லிட்டர். மல்பெரிக்குச் சொட்டு நீராக நாளொன்றுக்கு 80,000 லிட்டர் தேவைப்படுகிறது. நூறு நாளைக்குப் போதும் என்று நான் மனக்கணக்குப் போட்டேன். அவர் உடனே மறுத்தார். ஒன்றரை ஏக்கர் நீர்ப்பரப்பில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 30,000 லிட்டர் போய்விடுகிறது. வெயில் குடிப்பதையும் ஒரு பயிராக எண்ணித்தான் கணக்குப் போட வேண்டும் என்றார்.

இது அவர் கட்டிய இரண்டாவது கரை. முதல் கரை ஓர் இரவில் உடைந்தது. அன்று நீர் மேல்தளத்தைத் தொடவே இல்லை; மூன்றில் இரண்டு பங்குகூட நிரம்பவில்லை. கரையின் அடியில் மதகுக்காகப் பதித்திருந்த குழாயை ஒட்டி நீர் தனக்கென ஒரு வழி தேடிக்கொண்டது. மண்ணை அழுத்தும் உருளை செல்ல முடியாத குழாயின் அடிப்பக்க வளைவில் மண்ணைக் கையால் இடித்து இறுக்காமல், பள்ளத்தைத் தளர்ந்த மண்ணால் மூடிவிட்டுப் போயிருந்தார் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர். முதலில் விரல் அளவு கசிவு, பிறகு கலங்கிய நீர், பிறகு கரையின் நடுவே ஒரு வாசல். கீழே இருந்த இரண்டு ஏக்கர் தக்காளி மண்ணுக்குள் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பேறு. பெரிய அணைகளுக்கும் இந்த இடம்தான் எமனாகியிருக்கிறது. புனேவுக்கு மேலே இருந்த பான்ஷெத் மண் அணையில், வெளியேற்றுக் குழாய்ப் பகுதி முழுமை பெறாத நிலையிலேயே முதல் மழைக்காலத்து நீர் ஏறியது. அதன் மேலிருந்த கரை அமிழ்ந்து, 1961 ஜூலை 12 அன்று அணை உடைந்து நகரத்தையே மூழ்கடித்தது.

ஆகவே இரண்டாம் முறை மாமா கரைக்குள் குழாயே பதிக்கவில்லை. நிரம்பிய நீர்மட்டத்துக்குச் சற்று மேலாகக் கரையின் முதுகைத் தாண்டிப் போகும் வடிகுழாய் அமைத்திருக்கிறார். உச்சியில் உள்ள மூடியைத் திறந்து நீரூற்றி, காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கியபின் கீழ்முனை வால்வைத் திறந்தால், மின்சாரமே இல்லாமல் நீர் கரையேறி இறங்குகிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் தாங்கும் நீரின் உயரம் 10 மீட்டருக்குச் சற்று மேல். 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்தப் பகுதியில் அது 9 மீட்டரை ஒட்டிக் குறைகிறது. குழாயின் உராய்வையும் காற்றுக்குமிழிகளையும் கழித்தால் 6 மீட்டர் வரை நம்பலாம். இந்தக் கரைக்கு அது தாராளம்.

மண்ணைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவர் எனக்குச் செய்தே காட்டினார். கரையோரம் மிச்சம் கிடந்த களிமண் குவியலிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு கட்டியை எடுத்து, அசையாத நீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் மெல்ல இறக்கினார். பத்து நிமிடம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டியின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று துணுக்குகள் உதிர்ந்து அடியில் அமர்ந்தன. நீர் தெளிவாகவே இருந்தது. இன்னொரு டம்ளரில், ஆகாதென்று ஒதுக்கிய வேறு மண்ணைப் போட்டார். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போன்ற ஒரு வெண்புகை எழுந்து மெல்ல மெல்ல டம்ளர் முழுவதும் பரவியது. தொட்டால் இரண்டும் ஒரே வழவழப்புத்தான், ஆனால் இரண்டாவது மண் நீரோடு தானும் கரைந்து போகும் இயல்புடையது. அதில் கரை கட்டினால் மயிரிழை வெடிப்பு ஒன்றே போதும். நல்ல களிமண்ணை, ஓடு சுடுவதற்குப் பேர்போன மாலூர்ப் பக்கத்திலிருந்து வரவழைத்து, கெட்டித் தரை தட்டும்வரை வெட்டிய ஒன்றரை மீட்டர் வாய்க்காலில் தொடங்கி, கரையின் நடுச்சுவராக எழுப்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு சாண் உயரத்துக்கு மேல் கொட்டாமல், ஈரம் பார்த்து உருட்டி, அடுத்த அடுக்கைப் பரப்பினார்களாம்.

கலங்கல் கரையின் மேல் இல்லை. இடதுபுறம் இயற்கையான மேட்டு நிலத்தைக் குடைந்து 6 மீட்டர் அகலத்தில் அமைத்திருக்கிறார்கள். இரண்டு விரல் ஆழத்துக்கு நீர் கல்வரிசையைத் தாண்டிக்கொண்டிருந்தது. பார்வைக்கு அற்பமாகத் தெரிந்தாலும் விநாடிக்கு 60 லிட்டருக்குக் குறையாது. உடனிருந்த கன்னடப் பெரியவர் அதைக் "கோடி" என்றார். மதகை அவர்கள் "தூபு" என்கிறார்கள், நம் கல்வெட்டுகளில் வரும் "தூம்பு" அதுவேதான். மேலேயுள்ள ஒரு கரை உடைந்தால் கீழுள்ளவையும் சரியும் என்பதை நம் பக்கத்தார் அறிவார்கள். 1903 நவம்பரில் பாலாற்றின் மேற்பகுதி ஏரிகள் உடைந்து வாணியம்பாடியை வெள்ளம் கொண்டுபோனது. இங்கே வழியும் நீர் தட்சிண பினாகினி ஆற்றில் சேர்ந்து, தென்பெண்ணை என்ற பெயரில் கெலவரப்பள்ளி அணைக்கும் சாத்தனூர் அணைக்கும் போகிறது.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும்தான் கவனிக்கிறது. 5 மீட்டர் கரையைக் கேட்க அதில் இடமில்லை. உரிமையாளரின் கண்தான் அதற்குக் காவல். இவ்வளவு அருமையான வேலைப்பாட்டைவிட, மாமா அதைச் சுற்றிவரும் முறைதான் என்னை அதிகம் கவர்ந்தது. காலையும் மாலையும் மேல்தளத்தில் ஒரு நடை, வெளிப்பக்க அடிவாரத்தில் ஒரு நடை. நண்டு வளை, பெருச்சாளிப் பொந்து, கறையான் புற்று எதையும் அன்றைக்கே தோண்டிக் களிமண் திணித்து அடைக்கிறார். பறவை எச்சத்தில் முளைத்த வேப்பங்கன்றைக்கூட விடுவதில்லை. மரம் பட்டுப்போனபின் அழுகிய வேர் நீருக்குக் குழாயாகிவிடும் என்பதால், புல்லைத் தவிர வேறெதற்கும் அந்தக் கரையில் அனுமதி இல்லை.

அடிவாரத்தில் கல் பரப்பிய வடிகாலின் முனையில் நூல்போல ஒரு கசிவு இருக்கிறது. மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். எவ்வளவு, எந்த நிறத்தில் என்பதுதான் கேள்வி. மாமா லிட்டர் குவளையை அங்கே வைத்து என்னிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். நிரம்ப 40 விநாடி ஆயிற்று. குவளையிலிருந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலுக்கு எதிரே உயர்த்திப் பிடித்தார். அடியில் ஒரு மணல்கூட இல்லை. முதல் கரை உடைவதற்கு இரண்டு நாள் முன்பு அதே அடிவாரத்தில் ஓடிய நீர் தேநீர் நிறத்தில் இருந்ததையும், மழையின் செம்மண்தான் என்று தாம் எண்ணிப் போய்விட்டதையும் அப்போதுதான் சொன்னார். டம்ளரைக் கீழே வைக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

மாலை ஐந்து மணிக்கு, நான் புறப்படுமுன், மறுபடியும் குவளையை வைத்தோம். 41 விநாடி. தெளிவான நீர். பழைய பள்ளி நோட்டில் தேதி, நீர்மட்டம், விநாடி மூன்றையும் எழுதிவிட்டு, மாமா கலங்கல் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.