ஸ்பெக் கோப்பும் அவரவர் கைப்பழக்கமும்

மார்ச் 3

பழைய லினக்ஸ் மென்பொருள் பேக்கேஜ் ஒன்றின் ஆர்பிஎம் ஸ்பெக் கோப்பு (பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று ஆர்பிஎம் கருவிக்குச் சொல்லும் கோப்பு) என் தலையில் விழுந்திருக்கிறது. பலர் கை பட்டது என்று பார்த்தவுடனேயே தெரிகிறது. ஒருவர் பில்ட்ரூட்டை, அதாவது கட்டிய கோப்புகளைத் தற்காலிகமாக வைக்கும் அடைவை, சதவீதக் குறி போட்டு மேக்ரோவாக (ஆர்பிஎம் விரித்துக்கொள்ளும் சுருக்கப் பெயராக) எழுதுகிறார். இன்னொருவர் டாலர் போட்டு, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லின் மாறியாக. இரண்டும் ஒரே அடைவுதான். எதை வேண்டுமானாலும் எழுது, ஒரே கோப்பில் இரண்டையும் கலக்காதே என்பது ஃபெடோரா லினக்ஸின் விதி. நியாயம்தான், ஒன்றைத் தேடி மாற்றினால் மற்றது தப்பிவிடுகிறதே. மேக்ரோ பக்கமே நின்றுவிட்டேன்.

மார்ச் 4

மேக்ரோ பைத்தியம் பிடித்த ஆள் ஒருவரும் இருந்திருக்கிறார். ஆர்எம் (கோப்பை அழிப்பது), இன்ஸ்டால் போன்ற சாதாரணக் கட்டளைகளுக்குக்கூட இரட்டை அடிக்கோடு வைத்த மேக்ரோ! அடைவுகளுக்கு மேக்ரோ அவசியம். ஃபெடோராவில் நிரல் நூலகம் லிப் அடைவுக்குப் போக வேண்டுமா, லிப்64 அடைவுக்கா என்பதை லிப்டிர் மேக்ரோ பார்த்துக்கொள்ளும். ஆர்எம் எங்கே இடம் மாறப் போகிறது? எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். கண்ணுக்குக் கொஞ்சம் நிம்மதி.

மார்ச் 6

இன்று நடந்தது கூத்து. கட்டுவதற்கு முன் அமைப்புகளைத் தயார்செய்யும் கன்ஃபிகர் மேக்ரோ ஓடக்கூடாது என்று அதற்கு முன்னால் யாரோ # போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் பில்ட் லாகில் கன்ஃபிகர் ஜோராக ஓடுகிறது.

விஷயம் இதுதான். ஆர்பிஎம் முதலில் மேக்ரோக்களை விரித்துவிட்டு, அப்புறம்தான் ஷெல்லிடம் கொடுக்கிறது. # போட்டாலும் விரிப்பது நிற்காது. கன்ஃபிகர் பல வரிகளாக விரிகிற மேக்ரோ; முதல் வரி மட்டும் #-க்குப் பின்னால் அடங்கிவிட, மிச்ச வரிகளை ஷெல் ஓட்டிவிடுகிறது. சதவீதக் குறியை இரண்டு முறை போட்டால் விரியாது. இப்படி வரியை ஒதுக்கி வைப்பதற்கென்றே ஆர்பிஎம் 4.15 முதல் டிஎன்எல் என்ற மேக்ரோ இருக்கிறது. நான் அந்த வரியையே அழித்துவிட்டேன். பழசு வேண்டுமென்றால், மாற்றங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட்டில் இருக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் ஆர்பிஎம்ஸ்பெக் கட்டளைதான் கைகொடுக்கும். விரித்த கோப்பை அப்படியே காட்டிவிடும், ஊகிக்க வேண்டியதில்லை.

மார்ச் 7

மேக்ரோவை வரையறுக்க டிஃபைன், குளோபல் என்று இரண்டு வழி. டிஃபைன் எல்லாம் குளோபல் ஆயிற்று. டிஃபைனின் உடல் பயன்படுத்தும் இடத்தில்தான், ஒவ்வொரு முறையும் விரியும். குளோபல், வரையறுத்த இடத்திலேயே ஒரே முறை. இந்தக் கோப்பில் ஒரு மேக்ரோ உள்ளே ஷெல் கட்டளையை அழைத்து நேரத்தை வாங்குகிறது. டிஃபைனாக இருந்தவரை ஒரே பில்டுக்குள் இரண்டு இடத்தில் இரண்டு நேரம் வர வாய்ப்பிருந்தது.

மார்ச் 10

என் மாற்றங்களைச் சரிபார்த்தவரிடமிருந்து ரிவ்யூ வந்தது. மேக்ரோ மாற்றங்களில் ஒரு கேள்வியும் இல்லை. தலைப்பு வரிகளில் நான் டேபை எடுத்துவிட்டு ஸ்பேஸ் வைத்து நேராக்கியதற்குத்தான் சண்டை. "டிஃப் முழுக்க இதுவே தெரியுது, உங்க மாற்றத்தை எங்கே தேடுறது?" என்கிறார். டிஃப் என்பது பழைய கோப்புக்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாடுகளின் பட்டியல். அவர் சொல்வது சரிதான், அதைத் தனி கமிட்டாக (கிட்டில் தனிப் பதிவாக) பிரித்துவிட்டேன். ஆனால் ஸ்பேஸ் ஸ்பேஸாகவேதான் இருக்கும். இனி இந்தக் கோப்பைக் கட்டி மேய்ப்பது நான்தானே.