திண்ணையில் வைத்த கோப்பு

“காத்திரு” என்றேன். அன்றைக்கு நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

மாணவன் அந்த வீட்டு வாசலிலிருந்து கைப்பேசியில் அழைத்திருந்தான். “மேடம், அந்த அக்கா வேலைக்குப் போயிருக்கிறார்களாம். மாமியார் மட்டும்தான் இருக்கிறார். காத்திருக்கவா, அடுத்த விலாசத்துக்குப் போகவா?” என் மேஜையில் விடைத்தாள் கட்டு பிரித்தபடி கிடந்தது. ஆய்வை முடிக்க அவனுக்கு மிச்சமிருந்தது பதினொரு நாள். “காத்திரு. வந்ததும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் கேள்வி கேள்” என்றேன். கையெழுத்து என்ற சொல்லை அழுத்திச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. மாணவனுக்கு நெறிமுறை கற்றுக்கொடுக்கிறோம் என்ற நினைப்பு.

முக்கால் மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, பக்கத்தில் கோப்பு. கோப்பின் மேல் தாள், ஆய்வில் பங்கேற்பவருக்கான தகவல் தாள். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு அதை ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தது. தமிழ் கடினமாக இருக்கிறது, எழுத்து பொடியாக இருக்கிறது, எதைப் பற்றிய ஆய்வு என்று பளிச்செனத் தெரியவில்லை என்று குறிப்பு. நியாயமான குறிப்புதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நானே திருத்தினேன். தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாகப் போட்டேன்: காசநோயாளிகளுக்கான ஊட்டச்சத்து உதவித்தொகை.

அந்த வீட்டுப் பையன் ஒருவன், மூன்றாம் வகுப்பு இருக்கலாம், கோப்பின் மேல் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறான். கா... ச... நோ... உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டி கையை நிறுத்திவிட்டு, “என்னடா அது, திரும்பப் படி” என்றாராம். பையன் திரும்பப் படித்திருக்கிறான். மாணவன் இதை என்னிடம் சொன்னது பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுவதற்காக. நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு அவள் வந்தாள். சிகிச்சையின் நான்காவது மாதம். தாளை வாங்கிப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள், எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். 2018 ஏப்ரலிலிருந்து காசநோயாளிகளின் வங்கிக் கணக்குக்கு மாதம் 500 ரூபாய் போகிறது. (2024 நவம்பரில்தான் அது 1,000 ஆனது, இது அதற்கு முந்தைய கதை.) பணம் ஒழுங்காக வருகிறதா, அதில் என்ன வாங்குகிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. முட்டை, வேர்க்கடலை என்றிருக்கிறாள். கிளம்பும்போது மட்டும், “என் விலாசத்தை யார் சார் கொடுத்தது?” என்று கேட்டிருக்கிறாள். சிகிச்சைப் பதிவேட்டிலிருந்து எடுத்ததாக இவன் சொன்னான். சரி என்று தலையாட்டினாளாம். “நன்றாக ஒத்துழைத்தார்கள் மேடம்.”

பத்து நாள் கழித்து சிகிச்சை மேற்பார்வையாளர் பேச்சுவாக்கில் சொன்னார், அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், மாத்திரையை அந்த ஊருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறாள் என்று. காசநோய்த் திட்டத்தில் அவர் பதவிக்குச் சுருக்கப் பெயர் எஸ்.டி.எஸ். (சீனியர் ட்ரீட்மென்ட் சூப்பர்வைசர்). மருத்துவ மாணவர்கள் இரண்டு மாதத்தில் ஓர் ஆய்வை முடித்துக்காட்ட, 1979 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் திட்டத்துக்கும் (ஷார்ட் டேர்ம் ஸ்டூடன்ட்ஷிப்) அதே எஸ்.டி.எஸ்.தான். ஒரு எஸ்.டி.எஸ். மாதக்கணக்கில் போய்ப் பழகிச் சம்பாதித்த நம்பிக்கையை இன்னொரு எஸ்.டி.எஸ். முக்கால் மணி நேரத்தில் செலவழித்துவிட்டது என்று தோன்றியது.

ஆனால் எங்களால்தான் போனாளா? தெரியாது. கணவனுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். நான்காவது மாதம்வரை தினமும் மாத்திரை விழுங்குவதை ஒரு வீட்டில் எப்படி ஒளிக்க முடியும்? தலைப்பிரசவத்துக்குக்கூடப் போயிருக்கலாம். இப்படி அடுக்கிக்கொண்டே போகிறேன். அடுக்க வேண்டியிருப்பதே எனக்குப் பதிலாகவும் தெரிகிறது.

நான் கவனக்குறைவான வழிகாட்டி அல்ல. பதிவேட்டைப் படம் எடுக்காதே, கையால் குறித்துக்கொள், பெயருக்குப் பதில் எண் போடு, கணினிக் கோப்புக்குக் கடவுச்சொல் வை என்று வரிசையாகச் சொல்லியிருந்தேன். அவனும் ஒன்றுவிடாமல் செய்தான். அவனுடைய கணினியிலிருந்து ஒரு பெயரும் வெளியே போகவில்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பிற்பாடு இதே நினைப்போடு படித்தேன். அது மின்னணு வடிவிலுள்ள தரவைப் பற்றிப் பேசுகிறது. ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் நிபந்தனையோடு விலக்கு தருகிறது. மூன்றாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டிப் படிப்பதை அதில் எந்தப் பிரிவில் தேடுவது?

வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1986இல் சென்னையில் நிர்மலா என்ற முதுநிலை மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில், தன் ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. ஒரு மாணவ ஆய்வு! என்ன சோதனை என்பதை அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். மாணவர்களுக்கு உற்சாகம் வரட்டும் என்றுதான் முன்பெல்லாம் இதைச் சொல்வேன். இப்போது சொல்லும்போது அந்தப் பெண்கள் பக்கம் மனம் போய்விடுகிறது. அவர்களை விட்டுவிட்டும் கதையைச் சொல்ல முடியவில்லை, அன்றே எல்லா விதியும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஆய்வு முடிந்ததும் நெறிமுறைக் குழுவுக்கு அறிக்கை கொடுத்தோம். அதில் ஒரு கட்டம்: பங்கேற்பாளருக்குப் பாதகமான நிகழ்வு ஏதேனும்? “இல்லை” என்று எழுதினேன். கேள்வி கேட்கும் ஆய்வு, ஊசியா மருந்தா, என்ன பாதகம் வந்துவிடும் என்பது அன்றைய எண்ணம். அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பேனா அந்தக் கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றது. மாணவனின் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டேன்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு அனுப்புவதில்லை. மேற்பார்வையாளர் முதலில் நோயாளியை அழைத்து, சம்மதமா, எங்கே பார்க்கலாம் என்று கேட்கிறார். பெரும்பாலும் மாத்திரை வாங்க வரும் நாளில் சுகாதார நிலையத்திலேயே முடிந்துவிடுகிறது. தலைப்பை மட்டும் “உடல்நலம் குறித்த ஆய்வு” என்று மாற்றிப் பார்த்தேன். குழு ஏற்கவில்லை. எந்த நோயைப் பற்றியது என்பதைப் பங்கேற்பவரிடம் மறைப்பதாகும் என்றார்கள். அவர்கள் சொல்வதும் சரி. கடைசியில் பழைய தலைப்பையே இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினோம். மருத்துவமனைக்கே வராதவர்களின் குரல் வீட்டுக்குப் போகாவிட்டால் ஆய்வில் விடுபட்டுப்போகும் என்று இந்த ஆண்டு மாணவி ஒருத்தி சுட்டிக்காட்டினாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பெயர் உள்ள ஒப்புதல் படிவங்கள் தனிக் கட்டாக என் அலமாரியில் பூட்டி இருக்கின்றன. குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சென்ற மாதம் வேறு எதையோ தேடும்போது அந்தக் கட்டு கையில் வந்தது. அவளுடைய படிவத்தை எடுத்தேன். “உங்கள் தகவல்கள் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்” என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து, நிதானமாக, புள்ளி வைத்து. அதற்கும் கீழே சாட்சிக்கு ஒரு கோடு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பங்கேற்பாளருக்கு மட்டுமே அது தேவை. காலியாக விட்டால் குழு கேட்குமோ என்று மாணவன் பயந்திருக்கிறான். அங்கே ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. பக்கத்தில் அவன் கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள்: மாமியார்.