பல்கனிக் கண்ணாடிக் கதவு

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் முதல் மாரி. 11ஆம் மாடி, பல்கனிக்கு இழுத்துத் திறக்கிற கண்ணாடிக் கதவு. அம்மா அதன் பக்கத்தில் கதிரை போட்டிருந்து ஸ்னோ விழுவதைப் பார்ப்பா. மகளும் நானும் லைப்ரரியில் அள்ளி வந்த படப்புத்தகங்களோடு நிலத்தில் இருப்போம். இந்த நாட்டை எனக்குப் படிப்பித்தவை அவைதான். முதலில் ஸ்னோ பான்ற்ஸ், பிறகு பூட்ஸ், ஜக்கெற், கடைசியாகக் கையுறை என்ற ஒழுங்கைக்கூட ஒரு படத்தைப் பார்த்துத்தான் பழகினேன். அதற்கு முன்பு கையுறையை முதலே மாட்டிவிட்டு, சிப்பை இழுக்க ஏலாமல் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறோம்.

மகளுக்கு அப்போது 5 வயது. ஒரு பின்னேரம் கேட்டாள்:

"அம்மா, இந்த வீடுகளில ஏன் அம்மம்மா இல்லை?"

உண்மைதான். படங்களில் பாட்டி காரில் வருவார், கேக் தருவார், போய்விடுவார். எங்கள் வீட்டில் அம்மம்மாவும் பேத்தியும் ஒரே கட்டில். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த வருடம் சிறுவர் கல்வி டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். அங்கேதான் அமெரிக்கக் கல்வியாளர் நான்சி லாரிக் 1965இல் எழுதிய கட்டுரையை அறிந்தேன். அதைத் தொடக்கிவைத்ததும் ஒரு 5 வயதுப் பிள்ளை. நியூயோர்க்கில் ஒரு கறுப்பினச் சிறுமி, புத்தகத்தில் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளே இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். லாரிக் 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது இருந்தவை 349. வாசித்த அன்று வெகுநேரம் நித்திரை வரவில்லை.

1985இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகச் சிறுவர் நூல் மையம் வேறொன்றை எண்ணத் தொடங்கியது: யார் எழுதியது? அந்த வருடத்து ஏறத்தாழ 2,500 புத்தகங்களில் கறுப்பினத்தவர் எழுதியோ வரைந்தோ வந்தவை 18 மட்டும். படத்தில் முகத்தை மட்டும் மாற்றினால் போதாது என்று எனக்கு விளங்கியது அந்த 18இல்தான். எபனி எலிசபெத் தோமஸ் 2019இல் வந்த தன் ஆய்வு நூலில் இன்னும் உள்ளே போகிறார்: மாயக் கதைகளில் கறுப்பினப் பாத்திரம் வந்தாலும் அச்சமூட்டவோ பலியாகவோதான் வருகிறது, கற்பனை செய்யும் இடத்திலேயே குறை இருக்கிறது என்கிறார்.

என்னை அதிகம் பிடித்துக்கொண்டவர் சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ருடின் சிம்ஸ் பிஷப். புத்தகம் பிள்ளைக்கு ஒரு ஜன்னல், ஒரு முகக்கண்ணாடி, உள்ளே நடந்துபோகக்கூடிய ஒரு இழுகண்ணாடிக் கதவு என்று 1990இல் எழுதினார். வெளிச்சம் சரியாக விழுந்தால் ஜன்னலே முகக்கண்ணாடியும் ஆகும் என்கிறார். எங்கள் வீட்டில் அதைத் தினமும் பார்க்கிறேன். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். லைற்றைப் போட்டதும் பல்கனிக் கதவில் ஸ்னோ மறைந்து நாங்கள் மூவரும் தெரிவோம்.

மகளும் நானும் ஒரு சனிக்கிழமை வீட்டிலிருந்த 20 புத்தகங்களை விரித்து எண்ணினோம். பாட்டி கூடவே குடியிருக்கிற வீடு ஒன்றே ஒன்று. அந்தப் பாட்டி வேறு நாட்டுக்காரி, வேறு மொழி பேசுகிறவர், ஆனால் பேத்தியின் தலையை அம்மா பின்னுகிற மாதிரியே பின்னுகிறார். அந்தப் புத்தகத்தை மூன்று தரம் தவணை நீட்டி வைத்திருந்தோம். மகள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வாள். அம்மா இடையில் மறித்து, "இவ சீப்பை எங்க வைச்சவ?" என்று படத்தில் தேடுவா.