பட்டாசலுக்கு ஒரு ப்ரொஜெக்டர்

வெறுமனே 'லூமென்ஸ்' என்று மட்டும் அச்சடித்த ப்ரொஜெக்டர் பெட்டியை நான் கையால் தொடுவதில்லை. லூமென்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு; அதைத் தர நிர்ணய முறைப்படி அளந்ததற்கு அடையாளமாக ஆன்சி லூமென்ஸ் என்றோ ஐஎஸ்ஓ லூமென்ஸ் என்றோ போட்டிருக்க வேண்டும். வீட்டுப் பட்டாசலுக்கு (ஹாலுக்கு) ஒரு ப்ரொஜெக்டர் வாங்க நினைக்கும் கல்லிடைக்குறிச்சி சித்தப்பாவிடம் இதைச் சொன்னால், "ஏல, 9000 லூமென்ஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்காம்லா, இன்னும் என்ன வேணும்?" என்கிறார்.

பக்கத்து வீட்டில் அதே மாதிரி ஒன்று இருந்தது. சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று, பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பனிடம் லக்ஸ் மீட்டர், அதாவது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவி, வாங்கி வந்தேன். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, சுவரில் 100 அங்குலத்துக்கு முழு வெள்ளைப் படம். அதை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் மீட்டரை வைத்துச் சராசரி எடுத்து, திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். ஆன்சி முறையின் சாரம் அவ்வளவுதான். சராசரி 70 லக்ஸ், பரப்பு 2.75 சதுர மீட்டர். பெருக்கினால் 200 லூமென்ஸ்கூட முழுசாக வரவில்லை. சித்தப்பா மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இந்த மலிவு ரகங்களில் படத்தை உருவாக்க ஒரே ஒரு எல்சிடி தகடுதான் இருக்கும். பின்னாலிருந்து வரும் எல்இடி வெளிச்சத்தில் பெரும்பகுதியை அதுவும் அதன் நிற வடிகட்டிகளும் விழுங்கிவிடும். எப்சன் போன்றவர்களின் 3எல்சிடியில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனித் தகடு. மூன்றையும் ஒரு பட்டகம் சேர்த்து அனுப்பும். அதனால் நிறங்கள் மங்காது. டிஎல்பி என்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் சிப். லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் சாய்ந்து சாய்ந்து படம் காட்டும். ஒற்றைச் சிப் டிஎல்பியில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் சிலருக்கு ஓரங்களில் வானவில் மாதிரி மின்னும். என் கண்ணுக்கு அது தெரியவில்லை, மைனி ரெண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

இன்னொன்று தூசி. ஆனி, ஆடியில் கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று நம் வீட்டுக்குள்ளும்தான் வரும். ஒளிப்பகுதி மூடப்படாத மலிவு மாடலில் தூசி தகட்டில் ஒட்டி, படத்தில் அழுக்குத் திட்டாக நிற்கும். 3எல்சிடி என்றால் ஃபில்டரைக் கழற்றித் துடைக்கும் பழக்கம் வேண்டும்.

'4கே சப்போர்ட்' என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவே. 'நேட்டிவ் ரெசல்யூஷன்', அதாவது ப்ரொஜெக்டர் உண்மையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை, 1920 x 1080 என்று இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் த்ரோ ரேஷியோ. ப்ரொஜெக்டருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. 100 அங்குலப் படத்தின் அகலம் ஏழேகால் அடி. ரேஷியோ 1.2 என்றால் எட்டே முக்கால் அடித் தூரம் போதும், 1.5 என்றால் கிட்டத்தட்ட 11 அடி. சித்தப்பா வீட்டுப் பட்டாசல் குறுக்கே பத்தடி. ஆக 1.5 அங்கே ஆகாது. நெடுக்குவாட்டில் வைக்கலாம்தான், ஆனால் போகிற வருகிறவர் தலையெல்லாம் படத்தில் விழும்.

ராத்திரி விளக்கணைத்துப் பார்க்க 500 ஆன்சி போதும். முற்றம் திறந்த வீட்டில் மதிய மேட்ச் என்றால் 3000 இருந்தாலும் வெளிறித்தான் தெரியும். ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, சுவரில் விழும் வெயில்தான் அங்கே கறுப்பு. "அப்போ பகல்ல நாடகம் பார்க்க முடியாதோ?" என்றார் சித்தி. அதுக்கு இருக்கிற டிவியே போதும் என்று சொல்லிவிட்டேன்.