நோட்டில் இருந்த வரி

அகமதாபாத் ஏர் இந்தியா விமான விபத்தின் முதற்கட்ட அறிக்கை வெளியான அன்று, 2025 ஜூலை 12, சனிக்கிழமை. மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் எங்கள் பஸ் ஒர்க்‌ஷாப் வாசல் டீக்கடையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். "பைலட்தான் சுவிட்சை அணைச்சிருக்கான்ணே, அம்புட்டுத்தான்" என்றான் ஒரு கிளீனர். டிரைவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

விமானம் எழும்பியதுமே இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் 'கட் ஆஃப்' நிலைக்குப் போயிருக்கின்றன. ஏன் அணைத்தாய் என்று விமானிகளில் ஒருவர் கேட்க, நான் அணைக்கவில்லை என்கிறார் மற்றவர். யார் கேட்டது, யார் சொன்னது என்று அறிக்கையில் இல்லை. 260 உயிர் போன விபத்து.

ஃபிட்டரான எனக்கு உறுத்தியது வேறு வரி. அந்தச் சுவிட்சைத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். போயிங் 737 சிலவற்றில் அதன் பூட்டு சரியாக விழாததைப் பற்றி 2018இலேயே அமெரிக்க விமானத் துறை எச்சரித்திருந்தது. விழுந்த 787இலும் அதே மாதிரிச் சுவிட்ச்தான். கட்டாயமில்லை என்பதால் ஏர் இந்தியா அந்தச் சோதனையைச் செய்யவில்லை. பிறகு தன் விமானங்களில் பார்த்துவிட்டுக் கோளாறு இல்லை என்றது. சரி, இல்லாமலே இருக்கட்டும். பார்க்கச் சொன்னபோதே பார்த்திருக்கலாம்.

எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்றால், முன்பு நான் இருந்த கம்பெனியில் ஒரு டிரைவர் அண்ணன் கம்ப்ளைன்ட் நோட்டில் 'பிரேக் இடது பக்கம் இழுக்குது' என்று எழுதியிருந்தார். கீழே நான் 'லைனர் மாத்தணும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டாக் இல்லை. "இன்னும் ஒரு நடை போய்ட்டு வரட்டும்" என்றார் மேனேஜர். விடியற்காலை நத்தம் ரோட்டில் வண்டி இடதுபக்கப் புளியமரத்தில் மோதியது. அண்ணன் அங்கேயே முடிந்தார். "தூங்கிட்டான்" என்றார் முதலாளி. நோட்டை யாரும் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. சம்பள பாக்கி கேட்டு அவர் சம்சாரம் வந்தபோது, அவர் போகும்வரை ஒரு வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தேன், கையில் ஸ்பேனரோடு.

அதற்காக ஓட்டுகிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. 2010இல் மங்களூர் விமான விபத்தில் 158 பேர் இறந்தார்கள். விமானி அறைக் குரல்பதிவுக் கருவியில் பதிவான 2 மணி 5 நிமிடத்தில் முதல் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூக்கம். இறங்காதே, மேலே ஏற்று என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் இறக்கினார். இதை நான் சொன்னதும்தான் சென்னை வண்டி டிரைவர் ஒருவர் பேசினார்: "தூங்குனது தப்புத்தான்ணே. ராத்திரி வண்டியில தூக்கம் எப்படி வரும்னு ஓட்டுனவனுக்குத்தான் தெரியும்."

அவரே அன்று இரவு நோட்டில் எழுதினார்: 'ஹேண்ட் பிரேக் பிடிக்கல.' கழற்றி மாட்ட 40 நிமிஷம் ஆனது. பயணிகள் இறங்கி நின்று சத்தம் போட்டார்கள், மேனேஜர் போனில் கத்தினார். நான் அந்தப் பக்கத்தை என் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வண்டியை விட்டேன்.