உரசி அழித்த 24 கால் சிப்: காட்டிக்கொடுத்தது 12 வோல்ட்

ஆள் பிடிபட்டாயிற்று. எம்எஸ்எக்ஸ் என்ற எண்பதுகளின் வீட்டுக் கணினியில் செருகும் கார்ட்ரிஜுக்குள் மேலெழுத்தெல்லாம் உரசி அழிக்கப்பட்டு உட்கார்ந்திருந்த அகலமான 24 கால் சிப், ஏஎம்9511. 1977இல் ஏஎம்டி இறக்கிய கணிதச் சிப் அது. இதையே இன்டெல் 8231 என்று விற்றது.

பலகையில் கிடைத்த நல்ல துப்பு +12 வோல்ட். கார்ட்ரிஜ் செருகும் ஸ்லொட்டின் 48ஆம் காலில் வரும் அந்த மின்சாரம், நிரலை வைத்திருக்கும் ரொம் சிப்புக்குத் தேவையே இல்லை. மல்டிமீட்டரை பீப் முறையில் வைத்துத் தேடினால், நேரே மர்மச் சிப்பின் 16ஆம் காலில் போய் நிற்கிறது. கால் 1 தரை, கால் 2 +5. ஸ்லொட்டின் 3.58 மெகாஹெர்ட்ஸ் கிளொக்கை (வேலைக்குத் தாளம் போடும் துடிப்பை) 74எல்எஸ்74 என்ற ஒரு சின்னச் சிப் பாதியாக்கி 23ஆம் காலுக்குக் கொடுக்கிறது. 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாத சிப் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

பிறகு சிப்பைக் கழற்றி, ஆர்டுயினோ மெகா என்ற சோதனை போர்டில். டைமர் 1 தரும் 2 மெகாஹெர்ட்ஸ் கிளொக் போதும். 12 வோல்ட்டை போர்டின் விஇன் காலில் எடுக்க வேண்டாம்: நடுவில் ஒரு டயோட் இருப்பதால் 11.3தான் மிஞ்சும், சிப் தாங்குவதோ 5 சதவீத ஏற்றத்தாழ்வு. தோட்டப் பக்கம் மாலையில் கரண்ட் இறங்கும்போது மலிவு அடப்டரை நம்பவே முடியாது. 15 வோல்ட் அடப்டரும், அதை 12 வோல்ட்டாக நிலைப்படுத்தும் ஒரு 7812உம்தான் சரி. 7812 கண்டியிலேயே கிடைக்கும். அகலமான 24 கால் சொக்கெட்டுக்கு மட்டும் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குச் சொல்லிவிட வேண்டும்.

முதல் சோதனை: 00 முதல் 0எஃப் வரை 16 பைட் தள்ளி வாசித்தால் அப்படியே தலைகீழாகத் திரும்பியது. 17 தள்ளினால் முதலாவது காணாமல் போனது. ஆக, கடைசியில் வைத்தது முதலில் வரும் 16 பைட் அடுக்கு. அடுத்து 03 00, 05 00 தள்ளி ஹெக்ஸ் 6சி என்ற 16 பிட் கூட்டல் கட்டளை கொடுத்தால் 00 08. தள்ளும்போது சிறிய பைட் முதலில், வாசிக்கும்போது பெரிய பைட் முதலில் என்பதை மறந்தால் விடை குழம்பும்.

கூட்டல் சரி, சைன் மட்டும் குப்பை. இங்கேதான் நாட்கள் போயின. சிப் கெட்டுவிட்டது என்று சந்தேகம், பிறகு காலில் களிம்பு என்று சந்தேகம் (மூடுபனிக் காலத்தில் ஹட்டன் பக்கம் எந்தச் சொக்கெட்டும் கறுக்கும், ஐசோபுரொபைல் போட்டுத் தேய்த்தும் பலனில்லை). உண்மையான குற்றவாளி 17ஆம் கால், 'பொறு' என்று சொல்லும் போஸ். வாசிக்கக் கேட்கும் ஆர்டி காலை இறக்கியதும் போஸ் கீழே போகும். அது மேலே வரும்வரை ஆர்டியை விடவே கூடாது. 16 பிட் கூட்டலுக்கு 18 கிளொக்குக்குள் வேலை முடிந்துவிடும், ஆர்டுயினோவின் டிஜிட்டல்ரைட் கட்டளையின் மந்தமே காத்திருந்து காப்பாற்றிவிடுகிறது. சைனுக்கோ ஏறத்தாழ 4000 கிளொக், அதாவது 2 மில்லிசெக்கன். நடுவில் கையை எடுத்தால் பஸ்ஸில் கிடப்பதுதான் விடை. கால்களின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் லொஜிக் அனலைசரில் ஆர்டியையும் போஸையும் அடுத்தடுத்த வரியில் வைத்த பிறகே இது கண்ணில் பட்டது. போஸ் ஏறும்வரை காத்திருக்கும் இரண்டே வரி வைல் லூப், எல்லாம் சரி. 01 80 00 00 என்பது 1.0, அதை இரண்டு தடவை தள்ளி தசமக் கூட்டலான ஹெக்ஸ் 10 கொடுத்தால் 02 80 00 00, அதாவது 2.0. இது இன்றைய பொதுத் தரமான ஐஇஇஇ எண் வடிவம் இல்லை, ஆகவே இதன் தம்பிச் சிப் 9512 இல்லை என்பதும் உறுதி. பூச்சியத்தால் வகுத்தால் நிலைப் பைட்டில் பிட் 4 ஏறுகிறது.

சிப் சூடாகும், இந்தக் குளிரிலும் விரல் வைக்க முடியாது. பயப்பட வேண்டாம்.

ரொம்மைப் பாதிதான் பிரித்துப் பார்த்திருக்கிறது. எம்எஸ்எக்ஸ் பேசிக் எண்களை பிசிடியில் (ஒவ்வொரு தசம இலக்கத்தையும் தனித்தனியாக) வைக்கும், இச்சிப்போ 24 பிட் பைனரி மான்டிசா, அதாவது எண்ணின் இலக்கப் பகுதி. இரட்டைத் துல்லியத்தின் 14 இலக்கம் இதற்குள் அடங்காது. மாற்றும் வேலைக்கே எத்தனை கிளொக் போகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் இந்தக் கார்ட்ரிஜ் வேகமா, வெறும் விளம்பரமா என்று தெரியும். அதற்கு முன் ஸ்லொட்டில் தரவுத் திசையைச் சொல்லும் பஸ்டிர் கால் எங்கே போகிறது என்று தேட வேண்டும், அந்தத் தடம் ரொம் சிப்புக்கு அடியில் போய் மறைகிறது.