அஞ்சு நிமிடத்தில் படுத்துவிடும் றிமோட் ட்ரக்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் போகும்போது மருமகனுக்கு விட்டுப்போன றிமோட் ட்ரக் அது. பத்தில் ஒரு பங்கு அளவு, பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டர், இரண்டு செல் லிப்போ (லித்தியம்) பற்றரி. இரணைமடுத் தண்ணீர் வருகிற வாய்க்கால் கட்டில் ஓடவிட்டால் நாய்கூடப் பிடிக்காது. ஆனால் சரியாக அஞ்சு நிமிடம்தான். பிறகு சில்லு நின்றுவிடும், ஸ்டியரிங் மட்டும் இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருக்கும், மோட்டருக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பீட் கொன்ட்ரோலரில் சிவப்பு லைட் மின்னும். பத்து நிமிடம் நிழலில் வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும்.

பற்றரி இறங்கிவிட்டதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நின்ற கையோடு மீற்றர் வைத்துப் பார்த்தால் 7.7 வோல்ற் காட்டியது. பற்றரியைக் காப்பாற்றுவதற்காக நிற்பதென்றால் ஆறரைக்குக் கிட்ட இறங்கியிருக்கவேண்டும். ஆக, சூட்டில்தான் கட் ஆகிறது.

கொன்ட்ரோலரைத் தொட்டேன், விரல் வைக்கமுடியவில்லை. அதன் மேலிருந்த குட்டி ஃபானைப் பார்த்தால் செம்மண்ணும் வைக்கோல் துரும்பும் அடைந்து சுற்றவே இல்லை. கள்ளன் பிடிபட்டான் என்று பெரிய சந்தோசம். என் கடையில் கிடந்த பழைய பெட்டி ஒன்றிலிருந்து ஒரு ஃபானைக் கழற்றிப் போட்டேன், அது நித்திரைத் தூக்கத்தில் சுற்றுவதுபோலச் சுற்றியது. பிறகுதான் பார்த்தேன், அது 12 வோல்ற் ஃபான், இங்கே வருவதோ 6 வோல்ற். 5 வோல்ற் ஃபான் ஒன்று தேடிப் போட்டு, சூடு ஆற்றும் அலுமினியத் தகடுகளுக்குள் இருந்த மண்ணையும் தூரிகையால் தட்டித் துடைத்து, மறுபடி ஓடவிட்டோம். அஞ்சு நிமிடம் ஏழு நிமிடமானது, அவ்வளவுதான்.

சூடு எவ்வளவு என்று தெரியாமல் இனிக் கை வைக்கக்கூடாது என்று, கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றியில் பிடிக்கும் தெர்மோமீற்றரை எடுத்து மோட்டருக்குப் பிடித்தேன். அது மனுசனுக்குச் செய்தது, 42 பாகைக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. கடைசியில் மல்டிமீற்றரோடு வந்த வெப்பநிலை பார்க்கும் வயரை மோட்டரில் ரேப் போட்டு ஒட்டி ஓடவிட்டுப் பார்த்தால் மோட்டர் 104 பாகை, கொன்ட்ரோலர் 90. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். கொன்ட்ரோலர் மட்டும் சுட்டால் அதில் கோளாறு இருக்கலாம், இரண்டும் சேர்ந்து சுட்டால் எங்கேயோ சுமை கூடிப்போய்க் கரண்ட் அதிகமாக இழுக்கிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் வயருக்குள் பிறக்கும் சூடு நாலு மடங்கு. பரந்தனில் பம்ப் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கிற எனக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் சொல்லித்தான் தந்தார். பம்ப் எடுக்க வந்த ஐயா ஒருவர் வாங்கில் இருந்து என் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, சில்லு கையாலை சுத்துதோ எண்டு பாத்தனியோ?" என்று கேட்டார். பம்ப் எரிந்து வந்தால் முதல் வேலையாக சாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்கிறவன் நான். வெட்கமாகப் போய்விட்டது.

சுற்றிப் பார்த்தேன். முன் சில்லு இரண்டும் தட்டிவிட்டால் நாலைந்து சுற்றுப் போகிறது, பின் வலது சில்லு அரைச் சுற்றிலேயே நிற்கிறது. மருமகன் வாய்க்காலுக்குள் விட்டு எடுத்ததை அப்போதுதான் ஒத்துக்கொண்டான். பெயரிங் துருப்பிடித்து மணலோடு இறுகிக் கிடந்தது. அதோடு இன்னொன்றும் கண்டேன்: மச்சான் ஆசைக்குப் பெரிய ரயர் போட்டிருக்கிறார். பெட்டிப் படத்தில் 108 மில்லிமீற்றர், இதில் இருப்பது 130. சில்லு இருபது வீதம் பெருத்தால் கியரும் இருபது வீதம் கூடியதுக்குச் சமம். மோட்டர் சாஃப்டில் இருக்கிற சின்னப் பற்சக்கரம், அதுதான் பினியன், மட்டும் பழைய 18 பல்லிலேயே இருக்கிறது. 18ஐ 1.2ஆல் பிரித்தால் 15, ஆக 15 பல்லுப் பினியன் வேண்டும்.

பெயரிங்கும் 15 பல்லுப் பினியனும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துசேர நாலு நாள். பினியன் வாங்குகிறவர்கள் மோட்டர் சாஃப்டின் தடிப்பையும் பல்லின் பிச் அளவையும் (பல்லுக்குப் பல்லு உள்ள தூரம்) அளந்து சொல்லுங்கள், நான் முதல் தரம் சொல்லாமல் விட்டு இன்னொரு பார்சல் காசு போனது. பூட்டும்போது இரண்டு பற்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கொப்பித்தாள் துண்டை விட்டு நெருக்கிப் பூட்டி, பிறகு தாளை உருவி எடுத்தால் இடைவெளி அளவாக வரும். இறுக்கமாகப் பூட்டினால் அதுவும் சூடுதான்.

கரண்ட் அளக்க என் கிளாம்ப் மீற்றர் உதவாது, அது ஏசிக்கு மட்டுந்தான், பற்றரியில் வருவது டிசி. அதனால் சார்ஜரைப் பார்த்தேன். முந்தி அஞ்சு நிமிடம் ஓடிய பற்றரிக்குத் திரும்ப ஏற 2400 மில்லி அம்பியர்-மணி போனது, அதாவது சராசரியாக 29 அம்பியர் இழுத்திருக்கிறது. இப்போது பத்து நிமிடம் ஓடி 2100தான், 13 அம்பியர்கூட இல்லை. மோட்டர் 68 பாகை, அதுவும் ஆவணி வெயிலில். அறுத்த வயலுக்குள் விட்டால் மட்டும் ஒட்டுக்கட்டைக்குள் சிக்கித் திணறி எண்பதைத் தாண்டுகிறது, அதனால் வயலுக்குள் விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கேட்பான் என்றில்லை.

"முந்தின ஓட்டம் இல்லை மாமா, மூண்டு செல் பற்றரி போடுவமோ" என்று இப்போது தொடங்கியிருக்கிறான். 11.1 வோல்ற் கொடுப்பதென்றால் பினியனை இன்னும் இறக்கவேண்டும். கொழும்புக் கடையில் 12 பல்லு இருக்கிறதா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.